ஆம்ப்ளிஃபயர் ரிமோட்டுக்காக நான் இழந்த 5,700 ரூபாய்

கடந்த சாரல் காலத்தில் எங்கள் வீட்டு ஏ.வி. ரிசீவரின், அதாவது பாட்டையும் தொலைக்காட்சி ஒலியையும் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின், ரிமோட் நின்று போனது. அது மறுபடியும் ஒழுங்காக இயங்குவதற்குள் ஏறத்தாழ 5,700 ரூபாய் வீணாயிற்று. இத்தனைக்கும், கடைசியில் பிரச்சினையைத் தீர்த்த பொருட்களுக்கு ஆன செலவு 1,500 ரூபாயைக்கூடத் தொடவில்லை. ரிமோட் கெட்டுப்போனால் எதை முதலில் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கடைக்குக் கடை ஒரு பொருளை விற்றார்களே தவிர, கோளாறு எங்கே இருக்கிறது என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவமனையிலிருந்து வந்ததும் அவர் கட்டிலை ஹாலிலேயே போட்டோம். அதிகாலையில் பக்திப் பாடல், பிற்பகலில் பழைய திரைப்பாடல், மாலையில் தொலைக்காட்சி என்று அவருக்குப் பொழுது போவதெல்லாம் காதால்தான். என் கணவர் வளைகுடாவில் இருக்கிறார். வீட்டில் நானும் அம்மாவும் மட்டுமே. எழுந்து நடக்க முடியாதவருக்கு ரிமோட் என்பது சொகுசுப் பொருள் அல்ல. ஓசையைக் குறைக்க வேண்டுமென்றால்கூட அடுப்படியிலிருந்து நான் ஓடிவர வேண்டியிருந்தது. "ஏட்டி, காது கிழியுது, கொஞ்சம் குறைச்சு வையேன்" என்று அவர் கூப்பிடுவதும், கை மாவோடு நான் வருவதுமாக நாட்கள் போயின. அந்த எரிச்சலில்தான் ஒவ்வொரு கடையிலும் எதையாவது வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அந்த ரிசீவர் ஓணத் தள்ளுபடியில் கொல்லத்தில் வாங்கியது. தென்காசிப் பக்கத்துச் செங்கோட்டைக்காரர்களான எங்களுக்குக் கொல்லமும் புனலூரும் வெளியூர் அல்ல. 1956இல் மாநில எல்லை மாறும்வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. அதன் பிறகும் சாமான் வாங்கக் கேரள எல்லையில் இருக்கும் ஆரியங்காவைத் தாண்டும் பழக்கம் பல வீடுகளில் நிற்கவில்லை. தள்ளுபடியில் மிச்சமான பணம் உண்மையானது. ஆனால் உத்தரவாதக் காலம் முடிந்த பின் ஒரு ரிமோட் வேண்டுமென்றாலும் அந்தக் கடையைத்தான் தேட வேண்டும் என்பதை வாங்கும்போது யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஆகவே முதல் குறிப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பெட்டியின் பின்பக்கத்தில் இருக்கும் மாடல் எண்ணையும், ரிமோட்டின் முதுகிலோ செல் போடும் அறைக்குள்ளோ அச்சிட்டிருக்கும் ரிமோட்டின் தனி எண்ணையும், வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு எண்கள். மாற்று ரிமோட் தேடும்போது பயன்படுவது பெரும்பாலும் இரண்டாவது எண்தான். நாளாவட்டத்தில் கைபட்டு அழிந்து போவதும் அதுதான்.

ரிமோட் நின்றதும் செல் மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. கடைத்தெருவில் இருந்த அண்ணாச்சி அதை வாங்கி இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இது போச்சும்மா, யுனிவர்சல் போட்டுருங்க, எல்லாத்துக்கும் கேக்கும்" என்றார். விலை 350 ரூபாய். வீட்டுக்கு வந்து காட்டினால் தொலைக்காட்சிக்கு மட்டும் கேட்டது, ரிசீவர் அசையவில்லை. யுனிவர்சல் என்ற பெயரில் நம் கடைகளில் தொங்கும் மலிவான ரிமோட்டுகளில் பெரும்பாலானவற்றில் தொலைக்காட்சிகளுக்கும் செட்டாப் பாக்ஸ்களுக்கும் உரிய குறியீடுகள் மட்டுமே பதிந்திருக்கும். ஒலிப் பெட்டிகளுக்கான பட்டியல் இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அட்டையில் நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் அது அந்த நிறுவனத்தின் தொலைக்காட்சிக்கு உரியதாக இருக்கலாம்.

இதன் காரணத்தைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். ரிமோட்டின் மூக்கில் இருக்கும் சிறிய எல்.இ.டி., கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விட்டுவிட்டு அனுப்புகிறது. பெட்டியின் முன்பக்கத்தில் இருக்கும் சென்சார் என்ற கண் அதைப் பிடிக்கிறது. பெரும்பாலும் அந்த ஒளி நொடிக்கு 38,000 முறை துடிக்கும். பிலிப்ஸ் வகுத்த ஆர்.சி.-5 என்ற குறியீட்டு முறையில் 36,000, சோனியின் முறையில் 40,000. அந்தத் துடிப்பின் மேல் இரண்டு செய்திகள் ஏறிச் செல்கின்றன. ஒன்று, எந்தக் கருவிக்கு என்ற முகவரி. மற்றொன்று, என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை. முகவரி பொருந்தாவிட்டால் எவ்வளவு நல்ல ரிமோட்டானாலும் பெட்டி திரும்பிப் பார்க்காது. சில நிறுவனங்களின் ரிசீவர்களில் இதற்கு மேல் ரிமோட் ஐ.டி. என்று ஓர் அமைப்பும் உண்டு. ஒரே வீட்டில் அதே நிறுவனத்தின் இரண்டு பெட்டிகள் இருந்தால் குழப்பம் வராமலிருக்க வைத்தது அது. பெட்டியில் ஓர் எண்ணும் ரிமோட்டில் வேறோர் எண்ணும் இருந்தால் இரண்டுமே நல்ல நிலையில் இருந்தும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது.

அடுத்ததாக, இணையத்தில் பார்ப்பதற்கு அச்சு அசலாக இருந்த ஒரு ரிமோட்டை 1,290 ரூபாய்க்கு வரவழைத்தேன். பவரும் ஒலி அளவும் வேலை செய்தன; அமைப்புப் பட்டியலைத் திறக்கும் செட்டப் பொத்தானும், எந்தக் கருவியின் ஒலி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இன்புட் பொத்தான்களில் சிலவும் செய்யவில்லை. அதே நிறுவனத்தின் வேறு மாடலுக்கு உரியதை 'பொருந்தும்' என்று எழுதி விற்றிருக்கிறார்கள். சரி, ஒலி அளவாவது கூடிக் குறைகிறதே என்று ஆறுதல் கொண்டால், பகலில் நன்றாகக் கேட்ட ரிசீவர் இரவில் செவிடாகிவிட்டது. சில இரவுகளில் மிக அருகில் போய் அழுத்தினால் கேட்டது, கட்டிலிலிருந்து அழுத்தினால் கேட்கவே இல்லை. உண்மையில் இந்த இடத்தில்தான் நான் மனம் தளர்ந்தேன். முழுதாகக் கெட்டுப்போன பொருளை ஒதுக்கி வைத்துவிடலாம், நினைத்தபோது வேலை செய்யும் பொருளை என்ன செய்வது?

மெக்கானிக் ஒருவரை வீட்டுக்கு அழைத்தேன். அவர் வந்தது காலையில். அவர் எதிரில் பவரும் ஒலி அளவும் ஒழுங்காக வேலை செய்தன. இரவில் கேட்பதில்லை என்று நான் சொன்னதும், "சென்சார் வீக்கா இருக்கு மேடம், முன் போர்டையே மாத்தணும், 6,500 ஆகும்" என்று பெட்டியைத் திறக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டு, வந்ததற்கு 600 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அந்தத் தொகைக்குப் பயந்துதான் பெட்டியைத் துணியில் சுற்றி ரயிலில் கொல்லத்துக்கே எடுத்துப் போனேன். பத்துக் கிலோவுக்குக் குறையாத பெட்டி அது. தென்மலை வழியாகப் போகும் அந்த மலைப்பாதையை ரசிக்கும் மனநிலை அன்றைக்கு எனக்கு இல்லை. சர்வீஸ் மையத்தில் தங்கள் ரிமோட்டை வைத்துச் சோதித்தார்கள்; அத்தனை பொத்தானும் கேட்டது. "பெட்டிக்கு ஒண்ணும் இல்ல சேச்சி" என்று தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார் அங்கிருந்த பையன். பரிசோதனைக் கட்டணம் 750, போக்குவரத்துக்கு 500 போலச் செலவு. அவர்களிடம் அந்த மாடலுக்குரிய ரிமோட் விற்பனைக்கு இல்லை.

அந்த இடைவெளியில் அம்மாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், தென்காசியில் அசெம்பிள் செய்த ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயரை 2,200 ரூபாய்க்கு வாங்கிக் கட்டிலருகே வைத்தேன். யு.எஸ்.பி., புளூடூத், எஃப்.எம். மூன்றும் சேர்ந்த போர்டு பொருத்தி, விசிட்டிங் கார்டு அளவில் ஒரு ரிமோட்டோடு வரும் வகை. அந்த ரிமோட்டில் அடுத்த பாட்டுக்குப் போகும் பொத்தானை அழுத்தியபோதெல்லாம் ஹாலின் மேற்கூரையில் ஒட்டியிருக்கும் வண்ண எல்.இ.டி. பட்டை அணைந்தது, மறுபடி அழுத்தினால் எரிந்தது. அம்மா சிரித்துவிட்டார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. விலை மலிவான இந்தப் போர்டுகளும் விளக்குப் பட்டைகளும் என்.இ.சி. என்ற ஒரே குறியீட்டு முறையில், பல நேரங்களில் ஒரே முகவரி எண்ணோடு தயாராகின்றன. ஒன்றின் 'அடுத்த பாட்டு' எண் மற்றொன்றின் பவர் எண்ணாக அமைந்துவிடுகிறது. இதைச் சரிசெய்ய எந்த அமைப்பும் கிடையாது. விளக்குப் பட்டையின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கும் சென்சார் கண்ணின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி மறைத்து, விளக்குக்குச் சுவிட்சை மட்டும் பயன்படுத்துவதே வழி. இன்னொன்று, அந்த அட்டை ரிமோட்டில் இருப்பது சி.ஆர்.2025 என்ற பொத்தான் செல். புதிதாக வாங்கும்போது செல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் செருகியிருக்கும். அதை உருவினால்தான் ரிமோட் உயிர்பெறும். குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த வகை வேண்டாம் என்பேன். விழுங்கப்பட்ட பொத்தான் செல் உணவுக்குழாயில் சிக்கினால் சில மணி நேரத்திலேயே அந்த இடத்தை அரித்துப் புண்ணாக்கிவிடும்.

இரவில் மட்டும் கேட்காத மர்மத்தை மின்வெட்டு வந்துதான் அவிழ்த்தது. எங்கள் வீட்டில் தொலைக்காட்சிப் பக்கமும் ஒரு மின்விசிறியும் இன்வெர்ட்டரில் இருக்கின்றன. ஒரு நாள் இரவு மின்சாரம் போனதும், அம்மா பழக்கத்தில் ரிமோட்டை அழுத்த, கட்டிலிலிருந்தே ரிசீவர் கேட்டது. மின்சாரம் வந்ததும் மறுபடி கேட்கவில்லை. இந்த இரண்டு நிலைக்கும் இடையில் மாறியது ஒன்றே ஒன்றுதான். அம்மா இரவில் எழுந்தால் வெளிச்சம் வேண்டுமென்று எலக்ட்ரீஷியன், ரிசீவர் இருக்கும் ஷோகேஸின் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போன சி.எஃப்.எல். விளக்கு இன்வெர்ட்டரில் இல்லை. அந்த வகை விளக்குகளுக்குள் இருக்கும் மின்னணுச் சோக், ஒளியைப் பல்லாயிரம் முறை துடிக்கச் செய்கிறது. அந்தத் துடிப்பு ரிமோட்டின் துடிப்புக்கு மிக அருகில் வருவதால் சென்சார் திணறிப்போகிறது. கூட்டத்தில் ஒருவர் பேச்சு காதில் விழாததைப் போலத்தான் இதுவும். விளக்கைக் கழற்றிவிட்டு 120 ரூபாய்க்கு ஒரு நல்ல எல்.இ.டி. பல்பை, ரிசீவரின் முகத்தில் வெளிச்சம் படாதபடி எதிர்ச் சுவரில் மாட்டினேன். இரவுக் கோளாறு அன்றோடு நின்றது. போர்டு மாற்றியிருந்தால் 6,500 ரூபாயும் போயிருக்கும், கோளாறும் அப்படியே இருந்திருக்கும். மாலை வெயில் நேராகச் சென்சாரில் அடித்தாலும் இதே விளைவு வரும். ஷோகேஸின் நிறக் கண்ணாடிக் கதவும் ஒளியைத் தின்னும், கதவைத் திறந்து வைத்து ஒருமுறை சோதித்துவிட வேண்டும்.

இரண்டு கோளாறுகள் ஒரே காலத்தில் வந்ததுதான் என்னை இவ்வளவு அலையவிட்டது. ரிமோட் ஒன்று, நடுவில் இருக்கும் வழி ஒன்று, பெட்டியின் சென்சார் ஒன்று என்று மூன்றையும் தனித்தனியாகச் சோதித்திருந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்திருக்கும் வேலை. ரிமோட்டைச் சோதிக்கக் கைப்பேசிக் கேமரா போதும். அறையை இருட்டாக்கி, கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேராகக் காட்டி ஒரு பொத்தானை அழுத்திப் பிடியுங்கள், எல்.இ.டி. ஊதாவும் வெண்மையும் கலந்து மினுங்குவது திரையில் தெரியும். பல கைப்பேசிகளில் பின் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் தெரியாது, முன் கேமராவில் தெரியும். ஆகையால் முதலில் நன்றாக வேலை செய்யும் தொலைக்காட்சி ரிமோட்டைக் காட்டி, உங்கள் கைப்பேசி இதைப் பார்க்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மினுங்கினால் ரிமோட் ஒளியை அனுப்புகிறது என்று பொருள், சரியான குறியீட்டை அனுப்புகிறது என்று பொருள் அல்ல. ஒரே ஒரு பொத்தானை அழுத்தும்போது மட்டும் மினுங்காவிட்டால் அந்தப் பொத்தானுக்கு அடியில் இருக்கும் கார்பன் புள்ளி தேய்ந்திருக்கிறது. எதையுமே அழுத்தாமல் மினுங்கிக்கொண்டிருந்தால் ஏதோ ஒரு பொத்தான் உள்ளே சிக்கியிருக்கிறது. விடாமல் வரும் அந்த ஒளி மற்ற ரிமோட்டுகளின் கட்டளையையும் கேட்கவிடாது.

என் பழைய ரிமோட்டை அப்படிக் காட்டியபோது மினுங்கவே இல்லை. செல் அறையை டார்ச் அடித்துப் பார்த்தால் சுருள் கம்பியின் அடியில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. அல்கலைன் செல் கசிந்தால் வெளிவருவது காரம் என்பதால், எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ காது குடையும் பஞ்சுக் குச்சியை லேசாக நனைத்துத் துடைத்தால் அது நுரைத்துக் கரையும். அதன் பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கம்பியின் முனையை மெல்லிய உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்தேன். அந்தப் பொடி தோலை அரிக்கும், கண்ணில் படக் கூடாது. கையுறை போட்டுக்கொள்வது நல்லது. புதுச் செல் போட்டதும் ரிமோட் எழுந்துவிட்டது. 350 ரூபாய் யுனிவர்சலை விற்ற அண்ணாச்சிக்கு இது தெரியாதிருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பழைய செல்லோடு புதிய செல்லைச் சேர்த்துப் போடாதீர்கள். மாதக்கணக்கில் தொடாத ரிமோட்டிலிருந்து செல்லைக் கழற்றி வையுங்கள். சார்ஜ் ஏற்றும் செல்கள் ஒன்றுக்கு 1.5 வோல்ட்டுக்குப் பதிலாக 1.2 வோல்ட்தான் தருவதால், சில ரிமோட்டுகளில் எட்டும் தூரம் குறையும்.

பழைய ரிமோட் எழுந்த அன்றே செய்த வேலை, 850 ரூபாய்க்கு ஒரு லேர்னிங் ரிமோட் வாங்கி அதன் குறியீடுகளைக் கற்றுக்கொடுத்ததுதான். இந்த வகை ரிமோட் குறியீட்டுப் பட்டியலை நம்புவதில்லை. அசல் ரிமோட்டை மூக்கோடு மூக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் இடைவெளியில் மேசையில் வைத்து, ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினால் அந்த ஒளித்துடிப்பை அப்படியே பதிந்துகொள்ளும். இதில் ஒரே ஒரு நிபந்தனை, கற்றுக்கொடுக்க அசல் உயிரோடு இருக்க வேண்டும். அசல் செத்த பிறகு லேர்னிங் ரிமோட் வாங்குவது பெரும்பாலும் வீண். அதனால் இதைப் படிப்பவர்கள் இன்றைக்கே, ரிமோட் நன்றாக இருக்கும்போதே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். அசல் முற்றிலும் போய்விட்டது என்றால் மிஞ்சுவது ஒரு வழிதான்: ஷாவ்மி போன்ற சில கைப்பேசிகளின் மேல் விளிம்பில் அகச்சிவப்பு எல்.இ.டி. இருக்கிறது, அதற்கான செயலியில் உங்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து ரிசீவரை இயக்கிப் பார்த்து, அந்தக் கைப்பேசியிலிருந்தே லேர்னிங் ரிமோட்டுக்குக் கற்றுக்கொடுக்கலாம். வாங்கும்போது செல்லைக் கழற்றினால் பதிந்தது அழியுமா என்று கடையிலேயே சோதித்துப் பாருங்கள். அம்மாவின் ரிமோட்டில் பவர், ஒலி கூட்டல், ஒலி குறைத்தல், மியூட், பாட்டுக்கும் தொலைக்காட்சிக்குமான இரண்டு இன்புட் ஆகியவற்றுக்கு மட்டும் குறியீடு ஏற்றி, மற்ற பொத்தான்களை வெறுமையாக விட்டுவிட்டேன். தெரியாமல் எதை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது என்பதே அவருக்குப் பாதித் துணிவைத் தந்தது.

தொலைக்காட்சி பார்க்கும்போது மட்டும் இரண்டு ரிமோட் தேவைப்பட்டது, ஏனெனில் கடைக்காரர்கள் தொலைக்காட்சியிலிருந்து ரிசீவருக்கு ஆப்டிகல் வயரைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வயரில் ஒலி மட்டுமே போகும், கட்டளை போகாது. 500 ரூபாய் ஹெச்.டி.எம்.ஐ. வயர் ஒன்றை, இரண்டு பெட்டிகளிலும் ஏ.ஆர்.சி. (தொலைக்காட்சியின் ஒலியை அதே வயரில் ரிசீவருக்கு அனுப்பும் வசதி) என்று எழுதியிருக்கும் துளைகளில் செருகி, இரண்டிலும் சி.இ.சி. (ஒரு பெட்டியின் கட்டளையை மற்றொன்றுக்குக் கடத்தும் வசதி) அமைப்பை இயக்கினால், தொலைக்காட்சி ரிமோட்டின் ஒலிப் பொத்தானே ரிசீவரின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும். ஏ.ஆர்.சி. 2009இல் வந்த ஹெச்.டி.எம்.ஐ. 1.4இல் சேர்க்கப்பட்டது, அதற்கு முந்திய பெட்டிகளில் இருக்காது. சி.இ.சி. என்ற பெயரிலேயே அமைப்புப் பட்டியலில் தேடினால் பலருக்குக் கிடைப்பதில்லை. சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும், எல்.ஜி. சிம்ப்ளிங்க் என்றும் அழைக்கின்றன. இதோடு தொலைக்காட்சியின் ஒலி வெளியீட்டையும் 'ஆடியோ சிஸ்டம்' என்று மாற்ற வேண்டும். ரிசீவரில் இந்த அமைப்பைத் திறக்கச் செட்டப் பொத்தான் வேண்டியிருந்தது, 1,290 ரூபாய் ரிமோட்டில் அது கேட்காததால் பழையதுதான் கைகொடுத்தது.

சி.இ.சி. எல்லா நேரமும் சொன்னபடி கேட்கும் என்று எண்ண வேண்டாம். தொலைக்காட்சியை அணைத்தால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் ரிசீவரும் சேர்ந்து அணையும். இது பிடிக்காதவர்கள் அமைப்பில் பவர் இணைப்பை மட்டும் தனியாக நிறுத்த முடிகிறதா என்று பார்க்கலாம். எப்போதாவது இரண்டும் ஒன்றையொன்று மறந்துவிட்டால், இரண்டின் பிளக்கையும் சில நிமிடம் பிடுங்கி வைத்து, முதலில் தொலைக்காட்சியையும் பிறகு ரிசீவரையும் இயக்கினால் எங்கள் வீட்டில் சரியாகிவிடுகிறது. முதியவர்கள் இருக்கும் வீட்டில் இன்னும் ஒரே ஓர் அமைப்பை மறக்காமல் பாருங்கள். பல ரிசீவர்களில் அதிகபட்ச ஒலி அளவு என்றும், இயக்கும்போதைய ஒலி அளவு என்றும் இரண்டு வரம்புகள் வைக்கலாம். பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்தாலும் முதல் வரம்புக்கு மேல் ஓசை ஏறாது; முந்திய இரவு எவ்வளவு கூட்டி வைத்திருந்தாலும் காலையில் இரண்டாவது வரம்பிலிருந்துதான் தொடங்கும்.